பெட்டியில் எட்டு ஜி.பி., உள்ளே ஏழு புள்ளி நாலு

ஜூன் 19, 2023. திங்கள்

சுபிக்ஷாவின் பயிற்சி மையத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. நீட் தேர்வில் மதிப்பெண் போதவில்லை, இன்னும் ஓர் ஆண்டு படிக்கட்டும் என்று நாமக்கல் பக்கத்தில் விடுதியோடு கூடிய இந்த மையத்தில் அவளைச் சேர்த்தது நான்தான். சேர்த்து ஐந்து நாள் ஆகிறது. அதற்குள் மூன்றாவது சுற்றறிக்கை.

விடுதிக்குள் செல்போன் கூடாது. சரி, நல்லது. ஆனால் நூற்றிருபது மணி நேரப் பாடத்தை ஒலிப்பதிவாகத் தருவார்களாம், அதைக் கேட்க ஒரு கருவியைப் பெற்றோரே வாங்கித் தர வேண்டுமாம். கருவியில் கேமரா கூடாது. சிம் கூடாது. புளூடூத் கூடாது. வைஃபை கூடாது. எஃப்.எம். ரேடியோ கூடாது. மெமரி கார்டு செருகும் ஓட்டை கூடாது, பிள்ளைகள் அதில் சினிமா மாற்றிக்கொள்கிறார்களாம். கொள்ளளவு நான்கு ஜி.பி.க்குக் குறையக் கூடாது. இத்தனை 'கூடாது' எழுதத் தெரிந்தவர்களுக்கு எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒரு வரி எழுதக் கை வரவில்லை.

ஊரிலுள்ள தராசுக்கும் படிக்கும் முத்திரை போடுகிற ஆய்வாளர் நான். இருபத்திரண்டு வருட சர்வீஸ். என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இதையும் அளந்து பார்த்துத்தான் வாங்குவேன்.

ஜூன் 20, செவ்வாய்

காலையில் மீன் மார்க்கெட்டில் சோதனை. மூன்று தராசில் போன வருட முத்திரை, புதுப்பிக்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மதியம் திண்டுக்கல்லில் நான்கு கடை ஏறி இறங்கினேன். முதல் மூன்று கடையிலும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன், "சார், இதெல்லாம் இன்னும் யாரு கேக்குறா, ஒரு போன வாங்கிக் குடுத்துருங்க" என்றான். போன் கூடாது என்பதால்தானே வந்திருக்கிறேன் என்றேன். "அப்ப எதுக்கு சார் அங்க சேத்தீங்க" என்கிறான். என் மகளை எங்கே சேர்ப்பது என்று சொல்ல இவன் யார்? படி இறங்கிவிட்டேன்.

நான்காவது, பஸ் ஸ்டாண்டு பக்கம் சிக்கந்தர் பாய் கடை. நாலு விதம் வைத்திருந்தார். விவரம் எழுதி எடுத்து வந்திருக்கிறேன்.

ஜூன் 22, வியாழன்

இரண்டு நாளாக யோசனை. நாலில் மூன்று கழிந்துவிட்டது.

தீப்பெட்டி அளவில் ஒன்று. சட்டையில் கிளிப் போட்டு மாட்டிக்கொள்ளலாம், ஆனால் திரை இல்லை. எந்தப் பாடம் ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? தடவித் தடவிப் பார்ப்பதற்கு அது என்ன சாமி விபூதியா? இரண்டாவதில் பெரிய திரை, வீடியோ ஓடும். முப்பத்திரண்டு ஜி.பி. பாய் அதைத்தான் என் தலையில் கட்டப் பார்த்தார். புளூடூத் இருக்கிறது, கழிந்தது. மூன்றாவதில் எஃப்.எம். இருக்கிறது. "அத அமுக்காம இருந்தா போதும் சார்" என்கிறார் பாய். அமுக்காமல் இருந்தால் போதும் என்றால் உலகத்தில் எந்தச் சட்டமும் தேவையில்லை.

நான்காவது சரியாக இருக்கிறது. சின்னத் திரை, ஐந்து பொத்தான், நாலு ஜி.பி., முப்பது மணி நேரம் சார்ஜ் நிற்கும் என்று போட்டிருக்கிறான். நிற்கிறதா என்று பார்க்காமல் வாங்க மாட்டேன்.

செண்பகம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "என்னங்க, பிள்ளைக்கு என்ன வேணும்னு அவகிட்ட ஒரு வார்த்த கேளுங்க" என்றாள். அவளுக்கு என்ன தெரியும் என்றேன். அது பிள்ளையைச் சொன்னதா, தன்னைச் சொன்னதா என்பதில் சண்டை.

ஜூன் 25, ஞாயிறு

வாராவாரம் ஞாயிறு ஐந்து நிமிடம் வார்டன் போனில் பேசவிடுகிறார்கள். ஸ்பீக்கரில் போட்டு, வார்டன் கோகிலவாணி பக்கத்திலேயே நிற்கிறார். அந்தம்மா மூச்சு விடுவது நமக்குக் கேட்கிறது. இது என்ன ஜெயிலா என்று கேட்டு எழுத வேண்டும்.

கருவியைப் பற்றிச் சொன்னேன். சுபி உடனே, "அப்பா, ரெக்கார்டிங் இருக்கிறதா வாங்குங்க" என்றாள். எதற்கு என்றேன். "வாய்விட்டுப் படிச்சத பதிஞ்சு திரும்பக் கேட்டா மனசுல நிக்கும்ப்பா." சுற்றறிக்கையில் ரெக்கார்டிங் கூடாது என்று இல்லை. அதை மட்டும் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

மற்றபடி எல்லாவற்றுக்கும் 'ம்' என்றாள். நன்றாக இருக்கிறாள். செண்பகம்தான் குரல் சரியில்லை என்கிறாள். ஸ்பீக்கரில் எந்தக் குரல் சரியாக இருக்கும்?

ஜூன் 28, புதன்

நான்காவதில் ரெக்கார்டிங் உண்டு. வாங்கிவிட்டேன். பில், வாரண்டி அட்டை எல்லாம் பீரோவில்.

ஜூலை 2, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு பெற்றோர் பார்க்கலாம். கரூர் வழியாக மூன்று மணி நேரம். கருவியைக் கொடுத்தேன். கோகிலவாணி திருப்பித் திருப்பிப் பார்த்து, "பரவாயில்லீங்க சார், கரெக்டா வாங்கிட்டு வந்திருக்கீங்க. பாதிப் பேரு ரேடியோ உள்ளதா வாங்கிட்டு வந்து நிக்கறாங்க" என்றார். எத்தனை பெற்றோர் நடுவில் சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

சுபி முடியை வெட்டியிருக்கிறாள். தோளுக்கு மேலே. குளிக்கும் நேரம் மிச்சமாகுமாம். ஏன் எங்களைக் கேட்கவில்லை என்று கோபம் வந்தது. செண்பகம் வழி நெடுக அழுதுகொண்டு வந்தாள். முடிதானே.

ஜூலை 16, ஞாயிறு

போன். 'ம்', 'சரிப்பா', 'ம்'. பாடம் கேட்கிறாளாம்.

ஜூலை 21, வெள்ளி

ஒரு ஸ்வீட் கடையில் அட்டைப்பெட்டியோடு சேர்த்து எடை போட்டுக்கொண்டிருந்தான். பெட்டி மட்டும் அறுபது கிராம். கேட்டால், "எல்லாரும் இப்படித்தான சார் போடுறாங்க" என்கிறான். எல்லாரும் போட்டால் அட்டை மைசூர்பாகு ஆகிவிடுமா? வழக்கு எழுதினேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

போனோம். சுபி மெலிந்திருக்கிறாள், எல்லாப் பிள்ளைகளும்தான் மெலிந்திருக்கிறார்கள். நாங்கள் கொண்டுபோன புளியோதரையை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூடி வைத்தாள்.

கருவியைத் திருப்பிக் கொடுத்தாள். "அப்பா, இது நெறஞ்சிருச்சு. வீட்டுக்குக் கொண்டுபோயி போட்டுப் பாருங்க. பாத்துட்டு வேற வாங்கிட்டு வாங்க" என்றாள். கோகிலவாணி பக்கத்து பெஞ்சில்தான் இருந்தார். சுபி என் கையை விடவில்லை. "கண்டிப்பா போட்டுப் பாருங்கப்பா" என்று மறுபடி சொன்னாள்.

நாலு ஜி.பி. போதாது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். குறைந்த பட்சம் நாலு என்று எழுதியவன் எவனோ, அவன் நூற்றிருபது மணி நேரத்தைப் பெருக்கிப் பார்த்தானா?

ஆகஸ்ட் 7, திங்கள்

எனக்குக் கொதிப்பு இன்னும் அடங்கவில்லை.

அலுவலகக் கம்ப்யூட்டரில் கருவியைச் செருகிப் பார்த்தேன். கொள்ளளவு 3.72 என்று காட்டுகிறது. பெட்டியில் கொட்டை எழுத்தில் நாலு. நூற்றுக்கு ஏழு குறைகிறது. ஒரு காய்கறிக் கடைக்காரன் கிலோவுக்கு எழுபது கிராம் குறைத்தால் அவன் தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். இவன் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறான்.

உள்ளே பாடங்கள் ஒரு ஃபோல்டர். சுபி வாய்விட்டுப் படித்துப் பதிந்தது இன்னொரு ஃபோல்டரில், முப்பத்தொரு பதிவு. அதிலும் ஒரு கோளாறு. ஒவ்வொரு பதிவிலும் நேரம் ராத்திரி 1.10, 2.25, 3.05 என்று இருக்கிறது. விடுதியில் பத்தரைக்கு விளக்கணைத்துவிடுவார்கள். கருவியின் கடிகாரமே தப்பு. இரண்டாவது குறைபாடாகக் குறித்துக்கொண்டேன். ஒரு பாடத்தைப் போட்டுப் பார்த்தேன், ஓடியது. பாட்டரியும் சரி. ஆகக் குறை இரண்டு: கொள்ளளவு, கடிகாரம்.

நேராகப் பாய் கடைக்குப் போனேன். "சார், எல்லாக் கம்பெனியும் இப்படித்தான். கம்பெனிக்காரன் ஆயிரத்துல கணக்குப் பண்றான், கம்ப்யூட்டரு ஆயிரத்து இருபத்தி நாலுல பண்ணுது" என்கிறார். ஒரே கடையில் வாங்க ஒரு படி, விற்க ஒரு படியா? அப்படி இரண்டு படி வைத்திருந்தால் என்ன சட்டம் என்று தெரியுமா என்று கேட்டேன். கடையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வாங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றார். அளவில் குறை என்றால் நாள் கணக்கு கிடையாது என்றேன். கடைசியில் பாய் கும்பிட்டார். "வேணாம் சார், எட்டு ஜிபி தர்றேன், மேல ஆகுற காச மட்டும் குடுங்க."

பழையதை வாங்கி வைத்துக்கொண்டு, "உள்ள இருக்கறத அழிச்சிரட்டா சார்? காப்பி எதும் எடுத்துக்கிறீங்களா?" என்றார். பாடம்தானே, மையத்தில் மறுபடி ஏற்றித் தருவார்கள். அழிங்க என்றேன். என் முன்னாலேயே அழித்தார்.

ஜெயித்துவிட்டு வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

செண்பகத்திடம் பாய் கடைச் சண்டையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதுல அவ குரல் இருந்துச்சா?" என்றாள். முப்பத்தொரு பதிவு இருந்தது என்றேன். "ஒண்ணாச்சும் எனக்குப் போட்டுக் காட்டியிருக்கலாம்ல." உயிரியல் பாடத்தைக் கேட்டு நீ என்ன செய்யப்போகிறாய் என்றேன். "பாடமோ என்னமோ, எம் பிள்ள குரலு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்த வீட்டில் ஒரு நல்ல காரியம் செய்தாலும் குற்றம்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பார்க்கும் நாள் இல்லை. கருவி கொடுக்க என்று மனுப் போட்டு, கேட்டில் ஐந்து நிமிடம் விட்டார்கள். நான் மட்டும் போனேன்.

சுபி ஓடி வந்தாள். ஓடி வந்து மூச்சு வாங்க நின்றாள். என் பின்னால் எட்டிப் பார்த்தாள். அம்மாவைத் தேடுகிறாள் என்று நினைத்து, வரவில்லை என்றேன்.

"போட்டுப் பாத்தீங்களாப்பா?"

"பாத்தேம்மா. எல்லாத்தையும் பாத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"முப்பத்தொண்ணு பதிஞ்சிருந்த. எல்லாம் பாத்துட்டுத்தான் சண்டை போட்டு மாத்துனேன். இந்தா, இதுல எட்டு ஜிபி. இனி எவ்வளவு வேணாலும் பதியலாம்."

அவள் அதை வாங்கிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இவ்வளவுதானாப்பா?" என்றாள். வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றாள். ஐந்து நிமிடம் முடிவதற்குள் அவளே உள்ளே போய்விட்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் வந்தவனுக்கு இதுதான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைச் செய்தாலும் போதாது.

ஆகஸ்ட் 14, திங்கள்

எட்டு ஜி.பி. என்றானே, கொடுப்பதற்கு முன் சோதித்திருந்தேன். 7.45. கம்பெனிக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடிகாரக் கோளாறையும் சேர்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

சுபி போனுக்கு வரவில்லை. படிக்கிறாளாம். "அவளே வேண்டாம்னுட்டாளுங்க" என்றார் கோகிலவாணி. படிப்பில் அக்கறை வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இன்றைக்கும் வரவில்லை. செண்பகம் போய்ப் பார்க்கலாம் என்கிறாள். முதல் ஞாயிறுதான் அனுமதி என்று எத்தனை தடவை சொல்வது? விதி என்றால் விதி.

ஆகஸ்ட் 31, வியாழன்

கம்பெனியிடமிருந்து பதில். ஆயிரம், ஆயிரத்து இருபத்து நாலு என்று பாய் சொன்னதையே டைப் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். கடிகாரத்தில் கோளாறு எதுவும் இருக்க வாய்ப்பில்லை, கம்ப்யூட்டரில் செருகும்போதே நேரம் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறான். அப்படியென்றால் என் மகள் ராத்திரி மூன்று மணிக்கு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள் என்கிறானா? தங்கள் குறையை மறைக்க எதை வேண்டுமானாலும் சொல்வார்கள்.

செப்டம்பர் 3, ஞாயிறு

இன்று நடந்ததை நினைத்தாலே கோபம்.

போய் உட்கார்ந்தோம். சுபி வருவதற்கு முன் கோகிலவாணி கருவியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பறிமுதல் செய்திருக்கிறார்கள். "சார், உங்க பொண்ணு போர்வைக்குள்ள இத வெச்சுக்கிட்டு பேசிட்டே இருக்குதுங்க. பக்கத்துக் கட்டில் பிள்ளைக தூங்க முடியலைங்கறாங்க. ரெக்கார்டிங் இல்லாததா மாத்திக் குடுத்துருங்க."

என்ன பேசுகிறாள் என்றேன். "அதக் கேட்டுட்டு இருக்க எனக்கு எங்கீங்க நேரம்? நூத்தி அறுவது பிள்ளைக."

ரெக்கார்டிங் கூடாது என்று முதலிலேயே சுற்றறிக்கையில் போடுவதற்கு என்ன? இரண்டு கருவி வாங்கி, சண்டை போட்டு, கடிதம் எழுதி, இப்போது மூன்றாவது. அத்தனை பேர் நடுவில் நான் கத்திவிட்டேன். அந்தம்மாவும் கத்தினார். சுபி வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு அவளையும் திட்டினேன். ராத்திரியில் படிக்காதே, பகலில் படி என்றேன். "சரிப்பா" என்றாள். செண்பகம் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் அடிக்குதா?" என்றாள். "இல்லம்மா, அது போன வாரம்." காய்ச்சல் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்கும் ஒரு புகார் எழுத வேண்டும்.

நாளை சாயங்காலம் பாய் கடை.

செப்டம்பர் 5, செவ்வாய்

நேற்று எழுதவில்லை.

நேற்றுக் காலை ஏழு மணி இருக்கும். நான் கருவியைப் பெட்டியில் வைத்துப் பில்லோடு சேர்த்து மேஜையில் எடுத்து வைத்திருந்தேன். குளித்துவிட்டு வந்தால் செண்பகம் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். குக்கர் கூவிக்கொண்டிருக்கிறது, அணைக்கவில்லை. அவள் கையில் கருவி, காதில் அதன் ஒயர். நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு, இதை ஏன் எடுத்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் ஒரு பக்க ஒயரைக் கழற்றி என் காதில் வைத்தாள்.

அது பாடம் இல்லை.

போர்வைக்குள்ளிருந்து பேசுகிற குரல். முதலில் ஃபேன் சத்தம்தான். பிறகு சுபி, மெதுவாக, மூச்சுப் போலப் பேசுகிறாள். சாப்பாட்டு வரிசையில் டெஸ்ட் மார்க்படி நிற்க வைக்கிறார்கள். அவள் கடைசி இருபதில். அவர்கள் போகும்போது குழம்பு மட்டும்தான் இருக்கிறது. மார்க்கை மைக்கில் வாசிக்கிறார்கள். கடைசி இருபது பேர் எழுந்து நிற்க வேண்டும். காய்ச்சலில் மூன்று நாள் கிடந்திருக்கிறாள், வீட்டில் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போன் கிடையாது என்றார்களாம்.

"அப்பாவுக்கு எல்லாம் தெரியும். மொத மெஷின்ல எல்லாத்தையும் சொல்லிட்டேன், என்னையக் கூட்டிட்டுப் போங்கன்னு முப்பத்தோரு தடவ சொன்னேன். எல்லாத்தையும் பாத்துட்டேன்னாரு. பாத்துட்டு எட்டு ஜிபி வாங்கிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. இன்னும் நெறைய பேசிக்கன்னு."

அதற்கு அடுத்த பதிவில் ஒரே வாக்கியம். "நாலாவது மாடிக்குத் துணி காயப்போடப் போறதுக்கு எனக்குப் பயமா இருக்கு, அதனால ஈரத்துணியவே போட்டுக்கிறேன்." தேதி ஆகஸ்ட் 29. நேரம் 3.05.

செண்பகம் என்னைத் திட்டவில்லை. எழுந்து புடவை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். மையத்துக்குப் போன் போட்டேன். அவள் எங்கே இருக்கிறாள், இப்போதே பார்த்துச் சொல்லுங்கள், தனியாக விடாதீர்கள் என்றேன். வகுப்பில்தான் இருக்கிறாள் என்றார்கள். வாடகைக் கார் பிடித்தோம்.

மையத்தில் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர். இன்று பார்க்கும் நாள் இல்லை என்றார். பார்க்க வரவில்லை, கூட்டிப் போக வந்தோம் என்றேன். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினார். "போன வாரத்துக்கு இந்த வாரம் நாலு மார்க் ஏறியிருக்குதுங்க சார். இந்த நேரத்துல எடுத்துட்டுப் போனா ட்ராப் ஆயிரும்." நாலு மார்க். ஈரத்துணியோடு உட்கார்ந்து எழுதியது. அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கித் தரையில் அடித்திருப்பேன். என் மகள் அந்தப் படத்தில் எங்கே இருக்கிறாள் என்று காட்டு என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே தெரிந்தது, 3.72, 7.45 என்று ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தவன் நான்தான். அப்படியே நிறுத்திவிட்டேன். அதன் பிறகு பேசியதெல்லாம் செண்பகம். "எம் பிள்ளையக் கூப்பிடுங்க" என்று மட்டும்தான் அவள் சொன்னாள். கூப்பிடும் வரை அதையே சொன்னாள்.

காரை அனுப்பிவிட்டிருந்தோம். கரூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் சுபி நடுவில். மோகனூர் தாண்டியது. பிறகு அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"மொதல்லயே ஏம்ப்பா வரல?"

கேட்டேன், ஆனால் புரியவில்லை என்று சொல்லலாம். ஸ்பீக்கர் ரிப்பேர் என்று சொல்லலாம். கருவிமேல் பழி போட எனக்குச் சொல்லியா தர வேண்டும்?

"நான் கேக்கலம்மா. உள்ள எத்தன இருக்குன்னு எண்ணிட்டு, கடைக்காரர்ட்ட குடுத்து அழிச்சிட்டேன்."

"கேக்கவே இல்லையா?"

"இல்ல."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்ல."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுகூட இருந்தது. அவள் அம்மா தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். வாய்விட்டு அழுதாள், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அழுகைக்கு நடுவே, "அப்ப அப்பா கேட்டுட்டு என்னைய விட்டுட்டுப் போகல. கேட்டுட்டு விடல" என்று செண்பகத்திடம் சொன்னாள்.

அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அப்பா கேட்கவே இல்லை என்பது ஒரு பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கிற அளவுக்கு நான் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேர்மேல் வழக்கு எழுதியிருக்கிறேன். இந்த மாதிரி ஒருவனை நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 6, புதன்

விடுப்பு. சுபி பத்தரை வரை தூங்கினாள். பிறகு மூவருமாக டாக்டரிடம் போனோம். முதலில் எங்களிடம் பேசிவிட்டு, சுபியோடு தனியாக அரை மணி பேசினார். தனியாக விடாதீர்கள் என்றார். திங்களும் வரச் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 8, வெள்ளி

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் சுபி கூடத்தில் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மொத மெஷின்ல இருந்தத சொல்லவா?" என்றாள். சொல்லம்மா என்றோம். தொடங்கினாள். நடுவில் நான் பழக்கதோஷத்தில், "இது எந்தத் தேதி?" என்று கேட்டுவிட்டேன். சுபி நிறுத்தினாள். செண்பகம் என்னைப் பார்த்தாள்.

"தெரியலப்பா. தேதி முக்கியமா?"

இல்லம்மா, நீ சொல்லு என்றேன். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. அவள் சொன்னது எதையும் இதில் எழுதப்போவதும் இல்லை.